ஒண்ணும் ஆகாது

எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒரு மின்விசிறி இருந்தது. ஓடும்போது தலையை ஆட்டிக்கொண்டே ஓடும். அதற்கு நேர்கீழே யாரும் உட்கார மாட்டோம், அதைப் பற்றிப் பேசவும் மாட்டோம். ஒருநாள் தலைமையாசிரியருக்கே பயம் வந்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டனுப்பினார். வந்தவர் ஏணியில் ஏறாமல் தரையில் நின்றபடியே அண்ணாந்து பார்த்தார். "ஒண்ணும் ஆகாது சார். பழைய ஃபேனு, அப்புடித்தான் ஆடும்" என்றார். ஃபேனோடு சேர்ந்து நாங்களும் தலையாட்டினோம்.

பள்ளிக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகாத புது டீச்சர் ஒருவர் அப்போதுதான் எழுந்தார். மூலையில் கிடந்த நீல பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துவந்து, ஃபேனுக்கு நேர்கீழே போட்டு உட்கார்ந்துகொண்டார். மடியில் டெஸ்ட் பேப்பர் கட்டை வைத்துத் திருத்த ஆரம்பித்தார். முகத்தில் கோபம் இல்லை, கிண்டலும் இல்லை. எலக்ட்ரீஷியன் பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பிப் பார்த்தார். அங்கே உட்காராதீங்க டீச்சர் என்றார். "ஏங்க, ஒண்ணும் ஆகாதுன்னீங்களே" என்று டீச்சர் கேட்டார். நிஜமாகவே சந்தேகம் கேட்கிற குரல் அது. அந்த மனுஷர் கொஞ்சநேரம் பிடரியைச் சொறிந்தார். பிறகு ஏணியை விரித்தார். மேலே ஏறி மூடியைக் கழற்றிப் பார்த்தார். அன்று சாயங்காலம் வரைக்கும் அந்த வேலையை விட்டு இறங்கவில்லை.

அந்த டீச்சரை அறிந்துகொள்ள இந்த ஒன்று போதும். அடுத்தவர் சொன்ன வார்த்தையை அவர் அப்படியே எடுத்துக்கொள்வார். எடுத்துக்கொண்டு அதன் கீழே போய் உட்கார்ந்துவிடுவார்.

நான் அங்கே வணிகவியல் ஆசிரியர். பள்ளி, அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகும் பக்கம். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஓயாமல் போகும் ரோடு. எங்கள் கரும்பலகையில் எழுதுவதற்கு முன் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகிவிடும். ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூவில் தொழிற்கல்விப் பிரிவு ஒன்று இருந்தது. கட்டட வேலை சொல்லித்தரும் பிரிவு. பிள்ளைகள் அதை சிவில் குரூப் என்பார்கள். அதற்கு வந்த ஆசிரியை என்பதால் அவர் எல்லாருக்கும் சிவில் டீச்சர். டிப்ளமோ முடித்து, கோயம்புத்தூர் பக்கம் சைட்டுகளில் சூப்பர்வைசராக இருந்துவிட்டு வந்தவர். எனக்கு மகள் வயது. ஒல்லியான உருவம், எப்போதும் முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேலே போட்டிருப்பார். ஆண்கள் சட்டைதான். முதல் நாள் அதைப் பார்த்து ஸ்டாஃப் ரூமே வாயை மூடிக்கொண்டு சிரித்தது. ரெண்டாவது வாரம் சிரிப்பதற்கு யாருக்கும் துணிச்சல் இல்லை.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கட்டட வேலை புதிதில்லை. பாதிப் பேரின் அப்பாக்கள் ரெட்டிபாளையத்துப் பக்கம் சிமெண்டு ஆலைகளுக்குப் போகிறவர்கள். மீதிப் பேரின் அப்பா அம்மா அந்த சிமெண்டைக் குழைக்கிறவர்கள், சுமக்கிறவர்கள். அதனால் சேர்க்கை நேரத்தில் எல்லா வீட்டிலிருந்தும் ஒரே கேள்விதான் வரும். நாங்கள் பார்க்கிற வேலையைப் படிப்பதற்கு எதற்குப் பள்ளிக்கூடம்? நியாயமான கேள்விதான். பதில் தெரியாததால் மற்ற ஆசிரியர்களான நாங்கள் அந்தப் பெற்றோரை எங்கள் குரூப்புகளுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிடுவோம். சிவில் குரூப் வருஷத்துக்கு வருஷம் இளைத்துக்கொண்டே வந்தது. அதை நிறுத்திவிடலாம் என்று மாவட்ட ஆபீசில் ஒரு பேச்சு இருப்பதாகவும் காதில் விழுந்தது.

கௌசல்யா என்ற பெண்ணின் அம்மா வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வேலையிலிருந்து அப்படியே மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். காது மடலில்கூட சிமெண்டு காய்ந்து ஒட்டியிருந்தது. எங்கள் ஊர்களில் கட்டட வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ஒரே பெயர்தான், சித்தாள். கல்லும் கலவையும் சுமப்பார். எத்தனை வருஷம் சுமந்தாலும் சித்தாள்தான். கூட வேலைக்குச் சேர்ந்த பையன் கலவை பூசும் கரணையைப் பிடித்துக் கொத்தனாராகிவிடுவான், அவனுக்கும் இவர் கலவை எடுத்துக் கொடுப்பார். என் மகள் இந்த வேலைக்கு வரக்கூடாது என்றுதான் இவ்வளவு பாடுபட்டுப் படிக்கவைக்கிறேன், அவள் என்னடா என்றால் இதையே படிக்கப்போகிறேன் என்று அடம்பிடிக்கிறாள், நீங்கள்தான் புத்தி சொல்ல வேண்டும் என்று அந்த அம்மா என்னிடம்தான் கேட்டார். நான் வணிகவியலின் பெருமைகளைச் சொல்லத் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தபோது சிவில் டீச்சர் குறுக்கே வந்தார்.

"நீங்க கரணை புடிச்சிருக்கீங்களாக்கா?"

"எங்களுக்கு யாரு டீச்சர் குடுப்பா?"

"வேல தப்பா நடக்கும்போது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன, கண்ணு இல்லையா? சொன்னா யாரு கேப்பா? கலவையக் கொண்டாம்பாங்க."

"உங்க பொண்ணு சொன்னா கேப்பாங்கக்கா. அதுக்குத்தான் படிப்பு."

அந்த அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினார். போகும்போது மகளை முறைத்துவிட்டுப் போனார். ஆனால் மறுநாள் கௌசல்யா சிவில் குரூப்பில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஒரு மாணவி போச்சு.

அவருடைய வகுப்பு விசித்திரமாக இருக்கும். செங்கல் அடுக்குவது, தூக்குக்குண்டு விட்டுச் சுவர் நேராக நிற்கிறதா என்று பார்ப்பது, வரைபடம் படிப்பது எல்லாம் உண்டு. அதெல்லாம் எந்த வாத்தியாரும் சொல்லித் தருவது. இவர் அதோடு ஒரு நாடகமும் வைப்பார். ஒரு பிள்ளை மேஸ்திரி, இன்னொரு பிள்ளை வேலைக்குப் புதிதாக வந்த ஆள். மேஸ்திரி அதட்ட வேண்டும். சாரத்தில் ஒரு கட்டு அவிழ்ந்திருக்கிறது, பரவாயில்லை ஏறு, சிமெண்டு குறைவாக இருக்கிறது, பரவாயில்லை குழை, ஒண்ணும் ஆகாது. புதிய ஆள் கையைக் கட்டிக்கொண்டு, மரியாதை குறையாமல், ஒரே வார்த்தை சொல்ல வேண்டும். "ஆகும்ங்க." அதற்குப் பிறகு என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டும். குரல் நடுங்கினால் மறுபடி. கோபப்பட்டால் மறுபடி. சிரித்தால் முதலிலிருந்து மறுபடி.

நான் பக்கத்து வகுப்பில் வரவு செலவு நடத்திக்கொண்டிருப்பேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மொத்த வகுப்பும் "ஆகும்ங்க" என்று கத்துவது கேட்கும். என் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நாளைக்கு டெஸ்ட் வைக்காவிட்டால் ஒண்ணும் ஆகாதுதானே என்று நான் வாயைவிட்டால் போதும், "ஆகும்ங்க சார்" என்று பின் பெஞ்சிலிருந்து குரல் வரும்.

பையன்கள் கட்டிய சாரத்தில் முதலில் ஏறுவது அவர்தான். ஏறி நடுவில் நின்று குதித்துப் பார்ப்பார். பழகுவதற்காக அவர்கள் ஒரு கதவுக்கு மேலே லிண்டல், அதாவது கான்கிரீட் உத்தரம், போட்டார்கள். கான்கிரீட் இறுகும்வரை அதை அடியில் தாங்கிய முட்டுகளைப் பிரிக்கும்போது நீல நாற்காலியைக் கீழே போட்டு உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகளில் ஒருவரையும் அவர் பக்கத்தில் விடவில்லை. சுத்தியல் விழும்போது கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. பார்த்துக்கொண்டிருந்த நான்தான் கண்ணை மூடிக்கொண்டேன். அன்றைக்கு அந்த வகுப்பில் ஒரு பையன் அழுதான். அவன் கட்டிய கம்பியின் கீழே ஒருத்தர் உட்கார்ந்திருந்ததை அவன் வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்க்கிறான்.

இதற்குப் பின்னால் ஏதோ பெரிய சோகம் இருக்க வேண்டும் என்று ஸ்டாஃப் ரூம் முடிவுகட்டியது. அப்பா கட்டடம் இடிந்து செத்துப்போனார் என்று ஆங்கில டீச்சர் சொன்னார். அப்பா இல்லை, கட்டிக்கொள்ள இருந்தவர் என்று இயற்பியல் சார் திருத்தினார். ஆளாளுக்கு ஒரு தளம் கட்டினோம். கடைசியில் நானே கேட்டுவிட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா பெரம்பலூரில் டீக்கடை வைத்திருக்கிறார், நேற்றுக்கூட சண்டை போட்டார் என்றார். அப்புறம் ஏன் இப்படி என்றேன். அதற்கு அவர் சொன்னது இவ்வளவுதான்: "யாராச்சும் ஒருத்தர் கீழ இருக்கத்தானே சார் போறாங்க. அது யாருன்னு தெரியாததாலதான் பிள்ளைங்களுக்குப் பயம் வரமாட்டேங்குது."

ஸ்டாஃப் ரூமில் போய்ச் சொன்னேன். சோகக்கதை கிடைக்காத ஏமாற்றத்தில் யாரும் அதை ரசிக்கவில்லை.

எங்கள் பள்ளியில் சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் சின்னப் பிள்ளைகள் தட்டுக் கழுவும் இடம் வெறும் வெட்டவெளி. வெயிலில் கால் மாற்றி மாற்றி நின்று கழுவும். அங்கே ஒரு சுவர் எழுப்பி, குழாய் வைத்து, மேலே சன்ஷேடு போட்டால் என்ன என்று டீச்சர் கேட்டார். பெற்றோர் சங்கம் சாமான்களுக்குப் பொறுப்பேற்றது. ஊர்க் கொத்தனார் ஒருவர் கூடமாட இருக்கச் சம்மதித்தார். வேலை முழுக்கப் பிள்ளைகள். மாவட்ட ஆபீசிலிருந்து ஓர் அதிகாரி வந்து அதைப் பார்ப்பார், பார்த்துவிட்டுத்தான் குரூப்பை வைத்திருப்பதா நிறுத்துவதா என்று சொல்வார் என்று தலைமையாசிரியர் அறிவித்தார். பிள்ளைகள் தங்கள் குரூப்பின் தலையெழுத்தே அந்த சன்ஷேடில் இருக்கிறது என்று நினைத்து உழைத்தார்கள். உண்மையும் அதுதான்.

சன்ஷேடில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வணிகவியல்காரனுக்கும் புரியும்படி டீச்சர் அதை எனக்குச் செய்து காட்டினார். என் கையில் கனமான பையைக் கொடுத்துக் கையை நேராக நீட்டச் சொன்னார். எங்கே இழுக்கிறது என்று கேட்டார். தோளின் மேல்பக்கம் இழுத்தது. அதேதான், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கிற சன்ஷேடுக்குக் கம்பி மேல்பக்கம்தான் இருக்க வேண்டும் என்றார். ரெண்டு பக்கமும் சுவரில் உட்காரும் கூரைக்குக் கம்பி அடியில் இருக்கலாம், இதற்கு இருக்கக்கூடாது. கான்கிரீட் கொட்டும்போது யாராவது மேலே மிதித்துக் கம்பி கீழே இறங்கிவிட்டால், அது இருந்தும் இல்லாததற்குச் சமம். வெளியே பார்த்தால் தெரியவே தெரியாது.

கான்கிரீட் போட்டது ஒரு புரட்டாசி சனிக்கிழமை. கொத்தனாருக்குச் சாயங்காலத்துக்குள் வேலையை முடித்துவிட்டுக் கல்லங்குறிச்சிப் பெருமாளைப் பார்க்கப் போக வேண்டும். டீச்சர் கம்பியை ஒருமுறைக்கு ரெண்டுமுறை தொட்டுப் பார்த்தார். பாதிக் கான்கிரீட் விழுந்திருந்தபோது மாவட்ட ஆபீசிலிருந்து போன் என்று தலைமையாசிரியர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். அவர் போய் வருவதற்குள் வேலை முடிந்து, கொத்தனார் மேல்பக்கத்தை மட்டப்பலகையால் வழவழவென்று தேய்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் தினமும் அந்த சன்ஷேடுக்குத் தண்ணீர் ஊற்றியது கௌசல்யா. முறை வைத்து ஊற்ற வேண்டிய வேலை, ஆனால் அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகூட வந்து ஊற்றிவிட்டுப் போனாள் என்று வாட்ச்மேன் சொன்னார். பொறுப்பான பெண் என்று நாங்கள் பாராட்டினோம்.

முட்டு பிரிக்கும் நாள் வந்தது. அதிகாரிக்குச் சாமியானா, இளநீர், சால்வை எல்லாம் தயார். ஸ்டாஃப் ரூமிலிருந்து நீல நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனது நான்தான். அதற்குள் அது எங்கள் எல்லாருக்கும் ஒரு திருவிழா மாதிரி ஆகியிருந்தது. டீச்சர் அதை வாங்கி சன்ஷேடுக்குக் கீழே நடுவில் போட்டார். பையன்கள் ரெண்டு பேர் சுத்தியலோடு முட்டுகளுக்குப் பக்கத்தில் நின்றார்கள். டீச்சர் உட்காரப் போனார்.

"டீச்சர்."

கௌசல்யா கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள். கையைக் கட்டிக்கொண்டிருந்தாள். வகுப்பில் நாடகத்துக்கு நிற்பது போலவே நின்றாள்.

"ஆகும்ங்க டீச்சர்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. சிவில் குரூப் பிள்ளைகள் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. சுத்தியல் வைத்திருந்தவர்கள் அதைத் தரையில் வைத்தார்கள். டீச்சர் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி, எங்கே என்று கேட்டார். நடுவில் என்றாள் கௌசல்யா. கலவைப் பாண்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது தான்தான் கம்பி மேல் மிதித்துவிட்டதாகவும், கம்பி அப்படியே இறங்கிவிட்டதாகவும், கொத்தனாரிடம் சொன்னதற்கு ஒண்ணும் ஆகாது பாப்பா, கொட்டு என்று அவர் சொல்லிவிட்டதாகவும் சொன்னாள். அவள் குரல் நடுங்கவில்லை. கோபப்படவும் இல்லை.

தலைமையாசிரியர் பதறிக்கொண்டு வந்தார். அதிகாரி வந்து உட்கார்ந்திருக்கிறார், ஒரு இடத்தில் கம்பி கொஞ்சம் இறங்கியதற்கு இப்படியா, ஒண்ணும் ஆகாது, முட்டுகளைப் பிரிக்கச் சொல்லுங்கள் என்றார். டீச்சர் நீல நாற்காலியை அவர் பக்கமாகத் திருப்பிப் போட்டார். அவ்வளவுதான். தலைமையாசிரியர் நாற்காலியைப் பார்த்தார். அதிகாரி தலைமையாசிரியரைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பிறகு தலைமையாசிரியருக்கு ஆபீசில் போன் அடிப்பது கேட்டது. எங்களுக்குக் கேட்கவில்லை.

டீச்சர் அதிகாரியிடம் போய், இன்றைக்குப் பிரிக்க முடியாது, தப்பு நடந்திருக்கிறது, உடைத்துவிட்டு மறுபடி போட வேண்டும் என்று சொன்னார். குரூப்பை மூடுவதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது என்று எனக்குத் தோன்றியது. அவருக்கும் தோன்றியிருக்கும். ஆனால் அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு மலர்ச்சி இருந்தது. அதிகாரி இளநீரைக் கீழே வைத்துவிட்டுக் கௌசல்யாவைக் கூப்பிட்டார். வெளியே தெரியாத தப்பு, நீ சொல்லாவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது, ஏனம்மா சொன்னாய் என்று கேட்டார்.

"டீச்சர் உக்காருவாங்களே சார்" என்றாள் அவள்.

அதிகாரி சால்வையை வாங்கிக்கொள்ளாமலே கிளம்பினார். கார் வரைக்கும் நான்தான் கூடப் போனேன். இந்த டீச்சர் எந்த ஊர் என்று மட்டும் கேட்டார். பெரம்பலூர் என்றேன். நான் அந்தப் பள்ளியில் இருந்தவரைக்கும் சிவில் குரூப்பை யாரும் நிறுத்தவில்லை.

முட்டு இருக்கும்போதே அந்த சன்ஷேடை உடைத்தார்கள். முதல் அடியைக் கௌசல்யா அடித்தாள். உடைத்துப் பார்த்தபோது கம்பி அடிமட்டத்தில் கிடந்தது. எல்லாரும் சுற்றி நின்று பார்த்தோம். சன்ஷேடு இடிந்து விழுந்திருந்தால் அடியில் இருந்திருப்பது ஒன்று டீச்சர், இல்லாவிட்டால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். கொத்தனாரும் வந்து பார்த்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

மறுபடி கான்கிரீட் போட்ட அன்று டீச்சர் அந்தப் பக்கமே போகவில்லை. ஸ்டாஃப் ரூமில் என் எதிரில் உட்கார்ந்திருந்தார். நான் போனால் அவர்கள் என்னைப் பார்ப்பார்கள் சார், கம்பியைப் பார்க்க மாட்டார்கள் என்றார். டீ வந்தது. எடுத்தார், குடிக்காமலே வைத்தார். திரும்ப எடுத்தார். அந்த ஃபேனுக்குக் கீழே அசையாமல் பேப்பர் திருத்திய மனுஷியா இவர் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தான் ஒன்றின் கீழே உட்காருவதற்கு அவருக்குப் பயமே கிடையாது. எட்டி நின்று நம்புவதற்குத்தான் அவ்வளவு பயம்.

ரெண்டாம் முறை முட்டு பிரித்தபோது சாமியானா இல்லை, இளநீர் இல்லை. சாப்பிட்ட பிள்ளைகள் கழுவாத தட்டோடு வேடிக்கை பார்த்தன. கௌசல்யாவின் அம்மா வேலைக்குப் போகாமல் வந்திருந்தார். காது மடலைக் கழுவி, தலைக்குப் பூ வைத்திருந்தார். நான் வழக்கம்போல நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனேன். டீச்சர் வாங்கக் கையை நீட்டினார். நடுவில் புகுந்து கௌசல்யா அதை வாங்கிக்கொண்டாள். நேராக சன்ஷேடுக்குக் கீழே போய், போன தடவை கம்பி இறங்கிய அதே இடத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏய், எந்திரி" என்றார் டீச்சர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்று மட்டும்தான்.

கௌசல்யா எழுந்திருக்கவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு டீச்சரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒண்ணும் ஆகாது டீச்சர்."

இந்த வார்த்தையை நான் ஆயுசு முழுக்கக் கேட்டிருக்கிறேன். எலக்ட்ரீஷியன் சொல்லி, டாக்டர் சொல்லி, பஸ் டிரைவர் சொல்லி, நானே சொல்லி. அதற்கு உண்மையிலேயே ஒரு அர்த்தம் இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

டீச்சர் அந்தப் பெண்ணின் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு மெல்லத் தலையசைத்தார். டீச்சர் பையன்களுக்குக் கை காட்டினார். சுத்தியல் விழ விழ முட்டுகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. கடைசி முட்டும் விழுந்த பிறகு கௌசல்யா நிழலில் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் வெயிலில் நின்றுகொண்டிருந்தார், நாற்காலி இல்லாத கைகளை என்ன செய்வது என்று தெரியாமல்.